தோல் வண்ணமும் ஆக்சைடு துகள்களும்: வேலூர், ஆம்பூர் பகுதியில் பரப்புச் செயலிகளின் வரலாறு

சர்ஃபாக்டன்ட் எனப்படும் பரப்புச் செயலி, நீரை விரும்பும் தலையும் நீரை வெறுத்து எண்ணெயை நாடும் வாலும் கொண்ட மூலக்கூறு ஆகும். சோப்பு இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அழுக்கை நீக்கும் இப்பொருள், நீரில் வளரும் நுண்ணிய ஆக்சைடு துகள்களின் வடிவத்தையும் மாற்றவல்லது. பாலாற்றுப் படுகையில் உள்ள வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழிலோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

பட்டையிலிருந்து வண்ணத்துக்கு

முற்காலத்தில் இங்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. அந்த அரைப்பதத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் ஏற்றுமதியானது. அதற்கு வண்ணம் பூசி மெருகேற்றும் வேலையும் அதன் வருவாயும் அயல்நாடுகளுக்கே சென்றன. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. அதன் பிறகு முழுப்பதத் தோலும் காலணியும் இப்பகுதியிலேயே பெருமளவில் உருவாகத் தொடங்கின.

மெருகேற்றும் வேலைக்கு நிறமிகள் தேவை. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடும், மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறங்களுக்கு இரும்பு ஆக்சைடுகளும் பயன்படுகின்றன. இத்துகள்கள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் இயல்புடையவை. பரப்புச் செயலி அவற்றின் மேல் படிந்து பிரித்து வைக்கிறது. இதனால் பூச்சு திட்டுத்திட்டாகாமல் சீராக அமைகிறது.

வடிவத்தின் பங்கு

மஞ்சள் இரும்பு ஆக்சைடான கோதைட்டின் துகள்கள் பெரும்பாலும் ஊசி வடிவின. ஊசிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் நிறமிக் குழம்பு கெட்டியாகிறது. சிவப்பு நிற ஹேமடைட் துகள்கள் பலவும் உருண்டையானவை. வெண்மைக்கோ அளவே முக்கியம்: டைட்டானியம் டை ஆக்சைடு துகள் ஏறக்குறைய 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டர் இருந்தால்தான் ஒளியை நன்கு சிதறடித்து அடிப்பரப்பை மறைக்கும்.

பரப்புச் செயலி வடிவத்தை மாற்றுவது எவ்வாறு? ஒரு படிகத்தின் எல்லா முகங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. அணுக்களின் அடுக்கும் மின்னேற்றமும் முகத்துக்கு முகம் வேறுபடும். செயலியின் தலை தனக்கு உகந்த முகத்தில் போய் அமர்கிறது. அந்த முகத்தில் புதிய அணுக்கள் சேர்வது தாமதமாகிறது; மற்ற முகங்கள் வேகமாக வளர்கின்றன. பக்கவாட்டு முகங்கள் மூடப்பட்டால் துகள் கோலாக நீளும். மேலும் கீழும் மூடப்பட்டால் தட்டாக விரியும். செயலியின் அளவு, வெப்பநிலை, கரைசலின் காரத்தன்மை ஆகியவை மாறினால் விளைவும் மாறும்.

சோப்பு மூலக்கூறுகள் நீரில் ஒன்றுகூடி மிசெல் என்ற திரள்களாகின்றன என்பதை 1913இல் மெக்பெயின் எடுத்துரைத்தார். 1992இல் மொபில் நிறுவன அறிவியலாளர்கள் இத்தகைய திரள்களையே அச்சாகக் கொண்டு, தேன்கூடு போல் ஒழுங்கான நுண்துளைகளையுடைய சிலிக்கன் ஆக்சைடை உருவாக்கினர்.

பாலாறு தந்த பாடம்

தோலை ஊறவைக்கவும், கொழுப்பை நீக்கவும், எண்ணெயூட்டவும் பரப்புச் செயலிகள் பயன்படுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் ஒரு பகுதி கழிவுநீரில் கலக்கிறது. இப்பகுதியின் மண்ணையும் கிணறுகளையும் கெடுத்ததில் உப்புக்கும் குரோமியத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதிக்கப்பட்டதாக 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அவ்வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என நீதிமன்றம் அறிவித்தது.

செயலிகள் மீதும் கட்டுப்பாடு வந்தது. கொழுப்பு நீக்கப் பயன்பட்ட நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டுகள் நீரில் சிதைந்து, மீன்களுக்கு நஞ்சாகும் நோனைல்ஃபீனாலைத் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டு ஆணை வழியாகத் தோல் பதனிடுதலில் இவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவுக்குக் காலணி அனுப்பும் ஆம்பூருக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல.

ஒரு பொருளின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் ஆற்றலே பரப்புச் செயலியின் பயனுக்கும் தீங்குக்கும் காரணம். ஆகவே புதிய செயலி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது துகளுக்கு என்ன வடிவம் தரும் என்பதோடு, ஆற்றில் சேர்ந்தபின் என்னவாகும் என்பதையும் மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும்.