மாமனார் கேட்ட தகடு

தம்பூரா இரண்டை ஒரே சுருதியில் சேர்த்து ஒன்றை மீட்டினால், கை படாத மற்றதும் மெல்ல முனகும். சுருதி விலகியிருந்தால் வாய் திறக்காது. அனுநாதம் என்று இதைப் பௌதிகப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். இந்தச் சின்ன விஷயத்தின் சரித்திரத்தில் ஒரு மாமனாருக்கு அநீதி நடந்திருக்கிறது என்பது என் கட்சி.

1874-ல் அமெரிக்கத் தந்திக் கம்பிகளில் ஒரே நெரிசல். ஒரு கம்பியில் பல செய்திகளை அனுப்ப வழி கண்டவனுக்குச் செல்வம் காத்திருந்தது. எலிஷா கிரேயும் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லும் தனித்தனியே ஒரே யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு செய்தியையும் ஒவ்வொரு சுருதியில் அனுப்புவது. மறுமுனையில் அந்தந்தச் சுருதிக்கு அமைத்த எஃகுத் தகடு மட்டும் அதிர்ந்து தனக்குரியதைப் பொறுக்கிக்கொள்வது. பெல்லுக்குப் பண உதவி செய்தவர்களில் ஒருவர் கார்டினர் ஹப்பார்ட். பெல்லின் மனத்தைக் கவர்ந்த மேபெலின் தகப்பனாரும் அவரே. பேச்சை அனுப்பும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டுத் தந்தியைக் கவனிக்கும்படி அவர் வற்புறுத்திக்கொண்டே இருந்தார்.

1875 ஜூன் 2-ஆம் தேதி பாஸ்டனில் ஒரு தகடு ஒட்டிக்கொண்டது. உதவியாளர் தாமஸ் வாட்ஸன் அதைச் சுண்டிவிட்டார். வேறோர் அறையில் இருந்த பெல்லின் காதில் அந்த ஓசை விழுந்தது. அதிலிருந்துதான் டெலிபோன் வந்தது. 1877-ல் மேபெலுடன் கல்யாணமும் நடந்தது. தகடுகளை உலகம் பரணில் போட்டுவிட்டது.

1965-ல் வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிசாலையில் ஹார்வி நதான்சன் குழுவினர், டிரான்ஸிஸ்டரின் மேல் நுண்ணிய உலோக விட்டம் ஒன்றை அமைத்துத் தன் சுருதிக்கு மட்டும் அதிரச் செய்தார்கள். தகடு பரணிலிருந்து இறங்கிவிட்டது!

அதற்கு அவசியமும் பிறகு வந்தது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வைத்த கருவி, என்றோ வரும் ஓர் அழைப்புக்காக இரவு பகல் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். காத்திருந்தே பாட்டரி தீர்ந்துவிடும். 2015-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனமான டார்ப்பா இதற்கு மாற்றுத் தேடத் திட்டம் வகுத்தது. பெர்க்லி சர்வகலாசாலையில் கிளார்க் நுயெனும் அவர் மாணவர்களும் செய்த ரேடியோவில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உலோக உறுப்பு ஒன்று உண்டு. தன் சுருதிக்குரிய அலை வந்தால் அது அதிர்ந்து பக்கத்து முனையைத் தொடும். அப்போதுதான் மின்சாரம் ஓடும். மற்ற நேரமெல்லாம் ஏறத்தாழச் செலவில்லாத உறக்கம். முட்டி முட்டித் தொடும் முகம் தேய்வதும், மெல்லிய அலைக்கு அது மசியாததும் இந்த வித்தையின் தலைவலிகள்.

பெல்லின் கதையைச் சொல்வோர் ஹப்பார்டைக் கற்பனையில்லாத காசுக்காரராக நிறுத்துவதுண்டு. குறுக்கே நிற்கும் மாமனார்களை அப்படி எழுதுவது எங்களுக்குப் பழக்கம். அவர் கேட்ட காரணம் வேறுதான். ஆனால் கேட்ட பொருள், ஆயிரம் ஓசைகளின் நடுவே தனக்குரியதற்கு மட்டும் எழுந்திருக்கும் தகடு. டெலிபோன் ஓயாமல் பேசும் உலகம் அதைத்தான் மறுபடி தேடிப் போயிருக்கிறது.