ராக்கெட் கிடையாது... கூரையில் ஓட்டை மட்டும்தான்! வீட்டு அறையிலிருந்தே விண்வெளிக்குப் பறந்த மனிதன்: இந்தக் கலைப்படைப்பு சொல்வது என்ன?

வாசலில் பலகை அடித்து மூடப்பட்ட ஒரு சின்ன அறை. இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால், சுவர் முழுக்க சோவியத் பிரசார போஸ்டர்கள். நடுவில் ஸ்பிரிங்குகளோடு தொங்கும் ஓர் இருக்கை. அதற்கு மேலே கூரையில் பெரிய ஓட்டை. தரையில் ஒரு ஜோடி ஷூ. ஆளை மட்டும் காணோம்!

இலியா கபகோவ் 1985இல் மாஸ்கோவில் உருவாக்கிய 'தன் அறையிலிருந்து விண்வெளிக்குப் பறந்த மனிதன்' படைப்புதான் இது. ஓவியத்தைச் சுவரில் மாட்டாமல், ஓர் இடத்தையே கலையாக அமைக்கும் 'இன்ஸ்டலேஷன்' வகையைச் சேர்ந்தது.

என்ன கதை?

பொதுக் குடியிருப்பில் தனியாக வாழும் ஒருவர், யாருக்கும் தெரியாமல் ஒரு கவண் தயாரிக்கிறார். ஒருநாள் அதில் உட்கார்ந்து, கூரையைப் பிய்த்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறார். பக்கத்து அறைக்காரர்கள் சொல்வதாக எழுதப்பட்ட குறிப்புகள் மூலம்தான் நமக்கு இது தெரியவருகிறது.

ஏன் விண்வெளி?

1961இல் யூரி ககாரினை விண்வெளிக்கு அனுப்பி உலகையே திரும்பிப் பார்க்க வைத்த நாடு சோவியத் யூனியன். அதே நாட்டில், குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலறை, ஒரே கழிப்பறை என்று பலர் வாழ்ந்தார்கள். நினைத்த நேரத்தில் வெளிநாடு போகவும் முடியாது. அரசு காட்டிய விண்வெளிக் கனவை இந்த மனிதர் அப்படியே நம்பிவிட்டார். தப்பிக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான்.

கபகோவும் அப்போது குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவர்தான். சொந்தப் படைப்புகளை நண்பர்களுக்கு மட்டுமே காட்டினார். 1988இல் நியூயார்க்கில் இந்த அறை காட்சிக்கு வந்தது. பின்னர் அமெரிக்காவிலேயே குடியேறிய அவர், 2023இல் காலமானார்.

இன்றைக்கும் தொடர்கிறதா?

ஆம். பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யின்கா ஷோனிபாரேயின் 'அகதி விண்வெளி வீரர்' சிலை, ஆப்பிரிக்க பாணி பூப்போட்ட துணியில் விண்வெளி உடை அணிந்து, முதுகில் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து நிற்கிறது. பருவநிலை மாற்றத்தால் பூமி வாழ முடியாத இடமாகிவிட்டால் எங்கே போவது என்பது அதன் கேள்வி.

இரண்டு படைப்புகளிலும் நட்சத்திரமோ வேற்றுக்கிரகமோ இல்லை. இருக்கும் இடத்தில் நிம்மதியாக வாழ முடியாத மனிதர்கள்தான் இருக்கிறார்கள். கபகோவின் மனிதர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஏன் போனார் என்பதை அந்த அறையைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.