தண்டனைக்கும் சிறைவாயிலுக்கும் இடையே: குடும்ப மரணத்தை முன்னிட்டுச் சிறைபுகும் நாளைத் தள்ளிவைத்தல் பற்றி

ஒருவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்ற நாளை ஒட்டி அவன் வீட்டில் மரணம் ஒன்று நேர்ந்துவிடுமாயின், தண்டனையின் அளவில் ஒரு நாளையும் குறைக்காமல் அதன் தொடக்கத்தை மட்டும் சில வாரங்கள் தள்ளிவைக்குமாறு நியாயஸ்தலத்தை வேண்டிக்கொள்ள நம் நாட்டுச் சட்டத்தில் அவனுக்கு வழி உண்டா என்னும் வினா, எளியதுபோல் தோன்றினும், ஆராயுந்தோறும் சட்டத்தின் நெடுநாளைய மனப்போக்கொன்றைப் புலப்படுத்துவதாகும். சிறைக்குள் இருப்பவனுடைய துக்கத்தை நம் சட்டம் ஓரளவு அறிந்திருக்கிறது. சிறைவாயிலில் நிற்பவனுடைய துக்கத்தை அது அறியவே இல்லை. இக்குறையால் விளையும் அநீதி, தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையை மனமார ஏற்பவன் மீதே பெரிதும் விழுகின்றது என்பது எமது துணிபு.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 418ஆம் பிரிவு, சிறைத்தண்டனை விதித்த நீதிமன்றம் அதற்குரிய ஆணையைச் சிறைச்சாலைக்கு உடனே அனுப்புதல் வேண்டும் என்றும், குற்றவாளி வெளியில் இருந்தவனாயின் அவனையும் அவ்வாணையுடனேயே அனுப்புதல் வேண்டும் என்றும் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வழங்கிவரும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அவ்வமைப்பையே பின்பற்றுகின்றது. உடனே என்னும் இவ்விதிக்கு விலக்குகளே இல்லையெனக் கருதிவிடலாகாது. அபராதம் மட்டும் விதிக்கப்பெற்று, அதனைச் செலுத்தாவிடில் சிறை என்று தீர்ப்பாகுமிடத்து, கையில் பணமில்லாதவனுக்கு 30 நாள் வரை அவகாசம் தரவும், இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்துக் கட்டச் செய்யவும், அதுவரை சிறையை நிறுத்திவைக்கவும் 424ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது. பணமுடைக்காகச் சிறையைத் தள்ளிவைக்கலாம் என்று கண்ட சட்டம், தாயின் உடல் வீட்டில் கிடக்கும்போது தள்ளிவைக்கலாம் என்று யாண்டும் சொல்லவில்லை.

மற்றொரு விலக்கு மேன்முறையீட்டைப் பற்றியது. பிணையில் இருந்தவனுக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை விதிக்கப்பெற்று, அவன் மேன்முறையீடு செய்யக் கருதுவதாக நீதிபதிக்கு உணர்த்துவானாயின், விசேஷ காரணம் ஏதும் இல்லாதவரை அவனைப் பிணையில் விடுதல் வேண்டும் என்று விதித்தது 389ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. நடைமுறையில், துக்கத்தின் பொருட்டு அவகாசம் தேடும் வழக்கறிஞர்கள் கைக்கொள்ளக்கூடிய வாயில் இது ஒன்றே. இதன் விளைவை ஊன்றி நோக்குதல் வேண்டும். தீர்ப்பு தவறு என்று சொல்பவனுக்கு அவகாசம் உண்டு. தீர்ப்பு சரியே, செய்தது குற்றமே, தண்டனையை அனுபவிக்கிறேன், தந்தையின் காரியம் முடியும்வரை மட்டும் பொறுத்தருள்க என்று சொல்பவனுக்கு அவகாசம் இல்லை. உண்மையை ஒப்புக்கொண்டவன், தனக்கு நம்பிக்கையில்லாத மேன்முறையீடொன்றைப் பொய்யாகத் தொடுத்தாலன்றித் தந்தைக்குக் கொள்ளிவைக்க இயலாது என்னும் நிலையைச் சட்டமே உண்டாக்கிவைத்திருப்பது, தண்டனையின் பயன்களுள் மனந்திருந்துதலை முதன்மையாகக் கொள்ளும் எவருக்கும் வருத்தம் தருவதேயாகும்.

அரசாங்கத்திடம் போகலாகாதோ எனின், தண்டனையை நிறுத்திவைக்கவும் குறைக்கவும் அரசுக்கு அதிகாரமளித்த 432ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்மகன் சிறையினுள் இருந்தாலன்றி அவனுடைய விண்ணப்பத்தை ஏற்கலாகாது என்று தடுத்தது. சிறைபுகுவதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்பதற்கே முதலில் சிறைபுக வேண்டும் என்பதாயிற்று. ஆளுநரின் கருணை அதிகாரமும் பெரிதும் உதவுவதன்று. 1960இல் கடற்படை அதிகாரி நானாவதியின் தண்டனையைப் பம்பாய் ஆளுநர் நிறுத்திவைத்தபோது, வழக்கு உச்சநீதிமன்றத்தின் முன் நிற்கையில் அவ்வாணை செல்லாது என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றத்திற்குச் செல்பவன் சரணடைந்த பிறகே வருதல் வேண்டும், விலக்கு வேண்டுமாயின் தனியே விண்ணப்பித்தல் வேண்டும் என்பது இன்றும் அம்மன்றத்தின் விதி.

இனிச் சிறையின் உட்புறத்தை நோக்குவோம். 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், தாய், தந்தை, மனைவி, கணவன், மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரின் மரணத்தையும் கடும்பிணியையும் அவசர விடுப்புக்குரிய காரணங்களாக வகுத்துள்ளன. அயல் மாநிலங்களிலும் பரோல் என்னும் பெயரால் இது வழங்குகின்றது. சிறைக்கு உள்ளும் புறமும் நிலவும் இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழ்நாட்டார் அனைவரும் அறிந்த நிகழ்ச்சியொன்று போதும். 2017 பிப்ரவரியில், சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை உறுதியானதும், சரணடைய அவகாசம் வேண்டி வி. கே. சசிகலாவின் சார்பில் விடுத்த வேண்டுகோளை உச்சநீதிமன்றம் மறுத்தது. அவர் அன்றே பெங்களூரு சிறைக்குச் சென்றார். 2018 மார்ச்சில் அவர் கணவர் நடராசன் மறைந்தபோதோ அவருக்குப் பதினைந்து நாள் பரோல் கிடைத்தது. அன்று கேட்ட அவகாசம் மரணத்தின் பொருட்டு எழுந்ததன்று; ஆதலின் அம்மறுப்பைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அம்மரணம் ஓராண்டு முந்தி, சரணடையும் நாளிலேயே நேர்ந்திருக்குமாயின், எந்த விதியைக் காட்டி அவர் அவகாசம் கேட்டிருக்க முடியும் என்று தேடினால் விடை கிடைப்பதில்லை.

சிறைபுகுந்த பின் விடுப்பில் வந்து துக்கம் கொண்டாடலாமே, புகுமுன் அவகாசம் எதற்கு என்று வினவுவாருளர். அவசர விடுப்பு என்பது விண்ணப்பம், போலீசாரின் அறிக்கை, சிறை அதிகாரியின் உத்தரவு, வழிக்காவல் என்னும் படிகளைக் கடந்து வருவது; வீட்டிலோ பந்துக்கள் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். மரணத்தோடு வரும் கடமைகள் சுடுகாட்டோடு முடிவனவும் அல்ல. பால் தெளித்தல் முதல் பதினாறாம் நாள் கருமாதி வரை மகன் நின்று செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்க, 21 நாட்களுக்குள் மரணத்தைப் பதிவு செய்தல், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்தல், இறந்தவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கையும் நகைக் கடனையும் தீர்த்தல், தாயை இழந்த சிறு குழந்தைகளை எவர் பொறுப்பில் விடுவது என்று முடிவு செய்தல் ஆகிய இவை பெரும்பாலும் குடும்பத்தின் தலைமகனோ தலைமகளோ முன்னின்று செய்ய வேண்டியவை. இவற்றுள் எதுவும் செய்யப்படாமல் போனால், அதன் பாரம் குற்றம் செய்யாத குழந்தைகள் மீதும் முதியோர் மீதும் ஏறுகின்றது.

சர்வதேச நெறிமுறைகளும் சிறைக்குள் இருப்பவனோடே நின்றுவிடுகின்றன. கைதிகளை நடத்துதல் பற்றிய ஐக்கிய நாடுகளின் 1955ஆம் ஆண்டு விதிகள், உறவினர் கடும்பிணியுற்றபோது கைதி அவர் படுக்கையருகே செல்ல அனுமதி பெறலாம் என்றனவேயன்றி, இறுதிச் சடங்கைக் குறிப்பிடவில்லை. 1968இல் தாயையும், 1969இல் விபத்தொன்றில் மூத்த மகன் தெம்பியையும் இழந்த நெல்சன் மண்டேலா, ராபன் தீவுச் சிறையிலிருந்து அவ்விருவருடைய அடக்கத்திற்கும் செல்ல அனுமதி வேண்டியபோது, இருமுறையும் மறுக்கப்பெற்றார். 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை திருத்தி ஏற்று, அவர் பெயராலேயே வழங்கிய விதிகளின் எழுபதாம் விதியில்தான், சந்தர்ப்பம் இடந்தருமாயின் இறுதிச் சடங்கிற்குச் செல்லவும் அனுமதித்தல் வேண்டும் என்னும் சொற்கள் ஏறின. அப்பெருந்தகை அடைந்த துயரத்திற்கு இது காலங்கடந்த மரியாதை எனினும், நன்றியோடு ஏற்கத்தக்க மரியாதையே.

சிறைவாயிலில் நிற்பவனை நினைந்து எழுதப்பெற்ற சட்டங்கள் உலகில் இல்லாமல் இல்லை. ஜெர்மானியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவு, தண்டனையை உடனே நிறைவேற்றுவதால் குற்றவாளிக்கோ அவன் குடும்பத்திற்கோ தண்டனையின் நோக்கத்திற்குப் புறம்பான பெருந்தீங்கு விளையுமாயின், அவன் விண்ணப்பத்தின் பேரில் நான்கு மாதம் வரை அதனைத் தள்ளிவைக்கலாம் என்கின்றது. நோக்கத்திற்குப் புறம்பான தீங்கு என்னும் அவ்வரையறை மிகவும் நுட்பமானது. சிறை தரும் இன்னல் தண்டனை, அதன் ஓரத்தில் நேரும் குடும்பச் சிதைவு தண்டனையன்று எனப் பிரித்துக்காட்டுவது அதுவே. ஜப்பானியச் சட்டத்தின் 482ஆம் பிரிவோ, குற்றவாளியின் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ எழுபது வயதைக் கடந்தவராகவோ கடும்பிணியாளராகவோ இருந்து காப்பார் வேறெவரும் இல்லாதபோதும், இளங்குழந்தைகளைப் பேண வேறு உறவினர் இல்லாதபோதும் தண்டனையை நிறுத்திவைக்கப் பிராசிக்யூட்டருக்கு இடமளிக்கின்றது. மரணம் என்று அது பெயர் சொல்லாவிடினும், மரணத்தால் ஆதரவிழந்தோரை அது கண்முன் வைத்திருக்கிறது. இவ்விரண்டனுள் ஜெர்மானிய அமைப்பே நமக்குப் பொருந்துவது. அது கால எல்லையைத் தானே வகுத்துக்கொண்டுள்ளது.

இத்தகைய பிரிவொன்று நம் சட்டத்திலும் சேருமாயின் ஓடிப்போவார் உளரே என்னும் அச்சம் நியாயமானது. விசாரணைக்காலம் முழுதும் பிணையில் இருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாது வந்தவன், தாய்க்குக் கருமாதி செய்யும் நாட்களில் மட்டும் ஓடிவிடுவான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். விசாரணைக்காலத்தில் தலைமறைவானவனுக்கு இவ்வவகாசத்தை மறுப்பதில் எமக்கு மறுப்பில்லை. குற்றத்தால் தீங்குற்றவரின் மனம் புண்படும் என்பதே இதனினும் கனமான ஆட்சேபம். கொல்லப்பட்டவனுடைய தாய்க்கும் துக்கம் உண்டு. அவளைக் கேளாமல் அவகாசம் தருதல் தகாது. விண்ணப்பத்தின் நகல் அவள் கைக்குச் செல்லுதலும் அவள் சொல் பதிவாதலும் வேண்டும். எனினும் செல்வமுடையானுக்கு மட்டும் இது பயன்படும் என்பாரின் அச்சமே எம்மைப் பெரிதும் கவலைக்குள்ளாக்குகின்றது. சொத்துள்ள இரு ஜாமீன்தாரர்களைக் கொணர்க என்று நீதிமன்றம் கேட்குமாயின், கூலிவேலை செய்பவனுக்கு இவ்வுரிமை காகிதத்தோடு நின்றுவிடும். ஆதலின் சொந்தப் பிணைப்பத்திரமே போதும் என்பதும், மரணத்தைக் கிராம நிர்வாக அலுவலரின் எழுத்தாலேயே மெய்ப்பிக்கலாம் என்பதும், தண்டனை விதித்த நீதிபதியே அன்றோ மறுநாளோ காரணம் காட்டி உத்தரவிட வேண்டும் என்பதும் சட்டத்தின் வாசகத்திலேயே இடம்பெறுதல் இன்றியமையாதது. பதினேழாம் நாள் வரும் உத்தரவால் எவருக்கும் பயனில்லை.