மருந்துப் புட்டியிலிருந்து பள்ளிப் பைக்கு

நாமக்கல்லில் மருந்துக்கடை நடத்துகிறேன். பக்கத்துப் பெட்டிக்கடைக் குளிர்பெட்டியில், கைக்கு எட்டும் அடுக்கு முழுவதும் எனர்ஜி டிரிங்க்தான். விடியற்காலையில் லாரி டிரைவர்கள் வாங்குகிறார்கள். சாயந்திரம் பள்ளி விட்டதும் சீருடையோடு பிள்ளைகள் வாங்குகிறார்கள். இந்த இரண்டு கைகளுக்கும் நடுவே நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அது தொடங்கிய இடம் என் தொழில் நடக்கும் மருந்துக்கடை. அதனால் அதைச் சொல்லும் பொறுப்பு எனக்கும் உண்டு.

1886இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஜான் பெம்பர்டன் என்ற மருந்து வியாபாரி கோகோ கோலாவை உருவாக்கினார். தலைவலி போக்கும், மூளைக்குத் தெம்பு தரும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். சில ஆண்டுகளில் அது மருந்து என்ற நிலையிலிருந்து நகர்ந்து, சிறுவர்களும் குடிக்கும் பானமாகிவிட்டது. அமெரிக்க அரசின் வேதியியல் துறைத் தலைவராக இருந்த ஹார்வி வைலி இதைக் கண்டு கொதித்தார். காப்பியில் காஃபின் இருப்பது பெற்றோருக்குத் தெரியும், இந்தப் பானத்தில் இருப்பது தெரியாது என்பது அவருடைய வாதம். 1909இல் சட்டனூகா நகரில் கோகோ கோலாவின் 40 பெரிய பீப்பாய்களும் 20 சிறிய பீப்பாய்களும் பறிமுதல் செய்யப்பட்டன. 1911இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, காஃபின் மனிதரை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து சொல்ல ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளரை நிறுவனமே நியமித்தது. கொடுப்பவருக்கும் தெரியாமல், குடிப்பவருக்கும் தெரியாமல் மாத்திரை கொடுத்துச் சோதிக்கும் முறையை அவர் அதில் கையாண்டார். இன்று எல்லா மருந்துச் சோதனைக்கும் அடிப்படையாக இருக்கும் முறை அது. 1916இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் சாய்ந்தது. கடைசியில் காஃபின் அளவைக் குறைக்க நிறுவனம் சம்மதித்தது.

சர்க்கரையும் மருந்துக்கடை வழியாகத்தான் பலத்தின் பெயரைச் சம்பாதித்தது. 1927இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஒரு மருந்தாளுநர், நோயாளிகள் குடிக்கக் குளுக்கோஸ் பானம் ஒன்றைச் செய்தார். பிறகு லூக்கோசேட் என்று பெயர் பெற்றது அதுதான். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது நம் ஊரில் குளுக்கோஸ் பாக்கெட் வாங்கிப் போகும் பழக்கத்தின் பின்னாலும் இதே நம்பிக்கை இருக்கிறது.

காஃபினையும் இனிப்பையும் வைட்டமினையும் ஒரே புட்டிக்குள் அடைத்தது ஜப்பான். டாய்ஷோ மருந்து நிறுவனம் 1962இல் லிப்போவிட்டான் டி என்ற 100 மில்லி பழுப்புப் புட்டியைக் கொண்டுவந்தது. அதில் 50 மில்லிகிராம் காஃபின், 1000 மில்லிகிராம் டாரின், சில பி வைட்டமின்கள். டாரின் என்பது 1827இல் காளையின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள். நம் உடலே அதைச் செய்துகொள்ளும். போரில் நொறுங்கிய நாடு, தொழிற்சாலைகளை இரவு பகலாக ஓட்டி எழுந்துகொண்டிருந்த காலம் அது. வேலைக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் நின்று ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போவது ஆண்களின் வழக்கமாயிற்று. 1980களின் முடிவில் இதே வகைப் பானம் ஒன்றின் விளம்பரம், 24 மணி நேரமும் போராட முடியுமா என்று அலுவலக ஊழியர்களைக் கேட்டது. ஓய்வில்லாமல் வேலை செய்தே ஆட்கள் சாகிறார்கள் என்ற செய்தியும் அதே ஆண்டுகளில்தான் அங்கே பெரிதாக எழுந்தது.

ஜப்பானியப் புட்டி தாய்லாந்துக்குப் போனது. அங்கே சலியோ யூவித்யா என்பவர், ஏழைச் சீனக் குடும்பத்தில் பிறந்து மருந்து விற்பனையில் இறங்கியவர், 1970களின் நடுவில் கிராதிங் டேங் என்ற பானத்தைக் கொண்டுவந்தார். இரண்டு சிவப்புக் காட்டெருதுகள் முட்டிக்கொள்ளும் படம். கூடுதல் இனிப்பு, கம்மி விலை. பாங்காக்கின் லாரி டிரைவர்களுக்கும், கட்டட வேலைக்காரர்களுக்கும், வயலில் பாடுபடுகிறவர்களுக்கும் என்றே அது தயாரானது. அந்த நாட்டில் இந்த வகைப் புட்டிகளின் மேல் ஒரு வரி இருக்கும்: ஒரு நாளைக்கு இரண்டு புட்டிக்கு மேல் குடிக்கக் கூடாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது. உழைப்பாளிக்கு விற்ற பொருளிலும் மருந்துக்குரிய எச்சரிக்கை மிச்சம் இருந்தது.

பாங்காக் டிரைவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் அப்பா நினைவு வரும். அவரும் லாரி ஓட்டியவர். முட்டை லோடு, ஜவுளி லோடு ஏற்றி நாக்பூரைத் தாண்டிப் போவார். பின்னிரவில் டாபாவில் நிறுத்தி டபுள் ஸ்ட்ராங் டீ, கடிக்கப் பச்சை மிளகாய், கழுத்தில் ஈரத்துண்டு. அவ்வளவுதான் அவருடைய எனர்ஜி டிரிங்க். வீட்டுக்கு வந்தால் சொல்வார்: "டீ குடிச்சா கண்ணு முழிச்சுக்குது சாமி, மண்டை தூங்கிட்டுத்தான் கெடக்குது." மருந்தியல் படித்தபோதுதான் அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்று புரிந்தது. விழித்திருக்கும் நேரம் ஏற ஏற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது தன் ஏற்பிகளில் போய் உட்காரும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபின் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சேர்ந்த அடினோசின் எங்கும் போய்விடவில்லை, களைப்பும் தீரவில்லை. களைப்பு தெரியாமல் போகிறது, அவ்வளவே. குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் விடியற்காலை குடித்தவருக்குக் காலையில் படுத்தாலும் நல்ல தூக்கம் பிடிக்காது. அடுத்த ராத்திரி இன்னும் ஒரு பாட்டில் கேட்கும்.

1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. நெடுந்தூரப் பயணத்துக்கு அனுமதி பெற்றால் 10 மணி நேரம். ஏட்டில் இருந்த அந்த வரம்பை எங்கள் ஊரில் எந்த வீடும் கண்டதில்லை. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் மாறி மாறித் தூங்கிய வண்டியில் இப்போது ஒருவர் விழித்திருக்கிறார். "அண்ணா, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஒரு மாத்திரை குடுங்க" என்று என் கடைக்கு வரும் டிரைவர்களிடம் ராத்திரி என்ன குடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். "மூணு பாட்டிலுங்க" என்பார்கள். மாத்திரை தர மாட்டேன். ரத்த அழுத்தம் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பேன். ஜப்பானில் இரவுப் பணியில் பெட்ரோல் பங்கில் வேலை செய்த இருபது சொச்சம் வயது இளைஞர் ஒருவர், எனர்ஜி டிரிங்க்கும் காஃபின் மாத்திரையும் சேர்ந்து நஞ்சாகி இறந்ததாக ஃபுகுவோகா பல்கலைக்கழகம் 2015இல் அறிவித்தது. படபடப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு அதுவே காரணம்.

உழைப்பாளியின் புட்டி விளையாட்டுப் பிள்ளையின் டின்னாக மாறியது ஆஸ்திரியாவில். பற்பசை நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாக இருந்த டீட்ரிச் மாத்தெஷிட்ஸ், 1982 வாக்கில் தாய்லாந்தில் கிராதிங் டேங்கைக் குடித்துப் பார்த்தார். விமானப் பயணக் களைப்பு பறந்தது. 1984இல் சலியோவோடு கூட்டுச் சேர்ந்தார். வாயு ஏற்றி, மெலிந்த டின்னில் அடைத்து 1987 ஏப்ரல் 1இல் ரெட் புல் என்று ஆஸ்திரியாவில் இறக்கினார். விளம்பரத்தில் கூலி வேலைக்காரர் போனார். பனிச்சறுக்கு, கார்ப் பந்தயம், மலையிலிருந்து குதிப்பவர்கள் வந்தார்கள். களைத்தவனுக்கென்று பிறந்த பொருளைக் களைப்பே அறியாத வயதினர் ஆசைப்படும்படி செய்தது அந்த மாற்றம்தான்.

ஐரோப்பாவில் விற்கும் ரெட் புல்லின் 250 மில்லி டின் ஒன்றில் 80 மில்லிகிராம் காஃபின். ஒரு கோப்பைக் காப்பியில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அப்படியானால் என்ன கெடுதல் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். காப்பி சூடாக இருக்கும், ஆற்றி ஆற்றிக் குடிப்போம். இது ஜில்லென்று ஒரே மடக்கில் இறங்கும். காப்பியின் கசப்பு பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தும். இதன் இனிப்பு அவர்களைக் கூப்பிடும். அந்த ஒரு டின்னில் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் நல்லது என்று சொல்லும் அளவு ஏறக்குறைய 25 கிராம். பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்கு. 35 கிலோ எடையுள்ள பையன் இரண்டு டின் குடித்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறான். தூக்கம் கெடும், இதயம் படபடக்கும், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து பல் எனாமலை அரிக்கும். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் சொல்லியிருக்கும்போது, இனிப்பைப் பலம் என்று பிள்ளைகளுக்குப் பழக்குவது பெரும் தவறு.

லிதுவேனியா 2014இலும், லாட்வியா 2016இலும், போலந்து 2024இலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இதை விற்பதைத் தடை செய்துவிட்டன. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் வகுத்த விதி, லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று அச்சிட வேண்டும் என்கிறது. அச்சிட்டால் போதும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அந்தப் பொடி எழுத்தை ஏழாம் வகுப்புப் பையன் படித்து, வாங்கிய பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

வயது பார்த்து விற்கும் சட்டம் நமக்கும் வேண்டும். அது வரும்வரை கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பீடியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காத நீங்கள் இதையும் கொடுக்காதீர்கள். பெற்றோரே, பையில் காலி பாட்டில் கிடந்தால் அதட்டாதீர்கள். உட்காரவைத்து லேபிளைச் சேர்ந்து படியுங்கள். லாரி உரிமையாளர்களே, டிரைவருக்கு வேண்டியது பாட்டில் அல்ல, நாலு மணி நேரத் தூக்கம். அதை லோடு கணக்கில் சேருங்கள்.