பெயர்கள் சொல்லும் வரலாறு: மேலை ஓவிய இயக்கங்கள் – ஓர் அறிமுகம்

1. தோற்றுவாய்

மேலைநாட்டு ஓவிய இயக்கங்களை நம் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் ஓவியத்தின் வழியாக அறிவதில்லை. இலக்கியத் திறனாய்வின் வழியாகவே அறிகின்றனர். புனைவியல், நடப்பியல், மனப்பதிவியல், மிகைநடப்பியல் என்னும் சொற்கள் பாடக்குறிப்பில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டும், இரண்டு கலைஞர் பெயரும், நான்கு இயல்புகளும் இருக்கும். அவற்றை மனனம் செய்து தேர்வில் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது.

நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தோம். ஒருமுறை, மனப்பதிவியலின் இயல்புகளைப் பிழையின்றி ஒப்பித்த மாணவி ஒருவரிடம், குளோது மொனே வரைந்த வைக்கோற்போர் ஓவியம் ஒன்றன் அச்சுப்படியைக் காட்டி, "இதில் வெயில் எப்பக்கத்திலிருந்து வருகிறது?" என்று வினவினோம். அவர் படத்தைப் பார்க்கவில்லை. தம் குறிப்பேட்டைப் பார்த்தார். குற்றம் அவருடையதன்று. படத்துக்கு முன்னே பெயரை நிறுத்தி வைத்தவர்கள் நாமே.

ஆயினும் பெயர்களை விலக்கிவிட்டு வரலாறு கற்பிக்க இயலாது. பெயரை எவ்வாறு கேட்பது என்பதே வினா. பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்திக் காண்பது நம் இலக்கண மரபு. ஓவிய இயக்கப் பெயர்கள் ஏறக்குறைய யாவும் காரணப்பெயர்கள். ஒன்று மட்டும் விலக்கு, அதனை உரிய இடத்தில் காண்போம். காரணப்பெயர் எனின், அக்காரணம் யாருடையது? வரைந்தவருடையதா, பழித்தவருடையதா, பின்வந்த வரலாற்றாசிரியருடையதா? இவ்வொரு வினாவைக் கைவிளக்காகக் கொண்டு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து வருவோம்.

2. பழிப்பும் புகழ்ச்சியும்

பாரிசு நகரின் வடபுறத்தில் சான் தெனி என்னும் மடாலயம் உள்ளது. அதன் தலைவர் சுகேர் எழுப்பிய புதிய கோயிற்பகுதி 1144இல் திருநிலைப்படுத்தப்பட்டது. கூர்முனை வளைவுகளும், விலா எலும்புகள் போன்ற கற்பட்டைகள் தாங்கும் கவிகைகளும், சுவரின் இடத்தை நிரப்பும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுமாக அங்கே ஒரு புதிய கட்டடப் பாணி உருப்பெற்றது. இன்று நாம் அதனைக் கோத்திக் என்கிறோம். சுகேர் அச்சொல்லைக் கேட்டதே இல்லை.

கோத்தியர் என்பார் ஒரு செர்மானிய இனத்தார். அவர்களுள் ஒரு பிரிவினர் 410இல் உரோமாபுரியைச் சூறையாடினர். சான் தெனி எழுந்ததோ அதற்கு எழுநூறு ஆண்டுகள் பின்னர். இவ்விரண்டையும் இணைத்தவர்களுள் முதன்மையானவர் இத்தாலியரான சியார்சியோ வசாரி. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1550இல் நூலாக்கிய அவருக்குப் பழைய உரோமானியக் கலையே அளவுகோல். அவ்வளவுகோலுக்கு அடங்காத இடைக்காலக் கட்டடங்களைக் கோத்தியர் தலையில் சுமத்தினார். எனவே, கோத்திக் என்பது தொடக்கத்தில் "நாகரிகமற்றோர் பாணி" என்னும் வசைச்சொல்லேயாகும்.

தம் காலத்தை ஒட்டிய கலைக்கு அதே வசாரி வழங்கிய சொல் "மீண்டும் பிறத்தல்" என்னும் பொருளது. அதனைப் பின்பற்றிப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிசெலே 1855இலும், சுவிட்சர்லாந்து நாட்டவரான புர்க்கார்ட்டு 1860இலும் எழுதிய நூல்களால், அச்சொல் ஒரு முழுக் காலகட்டத்தின் பெயராக நிலைபெற்றது. தமிழில் அது மறுபிறப்பு ஆகாமல் மறுமலர்ச்சி ஆயிற்று. மறுபிறப்பு என்றால் நம் செவியில் வினைக்கோட்பாடே முதலில் ஒலிக்கும். மலர்ச்சி என்னும் சொல் அத்தடையை நீக்கியது.

சொல்லைவிட்டுச் சுவரைப் பார்ப்போம். புளோரன்சு நகரின் சாந்தா மரியா நோவெல்லா கோயிலில் மசாச்சியோ என்னும் இளைஞர் ஏறத்தாழ 1427இல் மூவொருமைத் திருவுருவை வரைந்தார். தட்டையான சுவருக்குள் கவிகை வேய்ந்த ஓர் அறை குடைந்திருப்பது போலத் தோன்றும். தரையில் நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டிய ஒரு புள்ளியை நோக்கிக் கோடுகள் யாவும் குவிகின்றன. இந்த இயலுருத் தோற்ற முறையை ஆல்பெர்த்தி 1435இல் நூலாக எழுதி வைத்தார். அடுத்த நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய ஓவியம் இக்கணக்கின்மேல் நின்றது.

பரோக் என்னும் பெயரும் பழிப்பே. ஒழுங்கான உருண்டையாக அமையாத முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். பதினெட்டாம் நூற்றாண்டினர் கோணலானது, மிகையானது என்னும் பொருளில் அதனை ஆண்டனர். 1888இல் வோல்ஃப்லின் எழுதிய நூலுக்குப் பிறகே அது மதிப்புமிக்க ஆய்வுச்சொல் ஆயிற்று. உரோமில் உள்ள ஒரு கோயிலுக்குக் கரவாஜ்ஜோ 1600ஐ ஒட்டி வரைந்த "மத்தேயுவின் அழைப்பு" ஓவியத்தில், இருண்ட அறையில் காசு எண்ணிக்கொண்டிருப்போர்மேல் வலப்புறத்திலிருந்து ஒற்றை ஒளிக்கற்றை விழுகிறது. அவ்வொளி படும் இடத்திலேயே கதை நிகழ்கிறது. கரவாஜ்ஜோ 1610இல் இறந்தார். தாம் ஒரு பரோக் ஓவியர் என்பதை அவர் அறிந்திலர்.

3. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பூசல்கள்

பிரெஞ்சு நாட்டில் அரசு சார்ந்த ஆண்டுக் கண்காட்சியே ஓவியரின் வாழ்வைத் தீர்மானித்தது. அதன் நடுவர் குழு ஏற்றால் பெயரும் பொருளும் உண்டு, மறுத்தால் இல்லை. புராணம், சமயம், அரச வரலாறு ஆகியவை உயர்ந்த பொருள்கள். உழவர் வாழ்வு தாழ்ந்த பொருள் எனப்பட்டது.

இடைக்காலக் கதைகளின் பெயரடியாகப் பிறந்த புனைவியல், ஒழுங்கினும் உணர்ச்சியை மேலாகக் கொண்டது. கோயா 1814இல் வரைந்த "மே 3, 1808" ஓவியமும், தெலக்ருவா 1830இல் வரைந்த "மக்களை வழிநடத்தும் சுதந்திரம்" ஓவியமும் அதன் சான்றுகள். அடுத்து வந்த குசுதாவ் கூர்பே, தம் சிற்றூரில் நிகழ்ந்த ஓர் இறுதிச்சடங்கை ஆறு மீட்டருக்கும் கூடுதலான அகலத்தில் தீட்டினார். அரசர்க்கும் தேவர்க்கும் உரிய அளவை ஊராருக்கு வழங்கியதே அவர் செய்த புரட்சி. 1855இல் உலகக் கண்காட்சியின் நடுவர் அவருடைய பெரிய ஓவியங்களை மறுத்தபோது, அருகிலேயே தனிக்கூடம் அமைத்து, "நடப்பியல்" என்று பெயர்ப்பலகை வைத்தார். ஆனால் அப்பெயர் பிறரால் தம்மேல் சுமத்தப்பட்டதே என்று தம் பட்டியல் முன்னுரையிலேயே எழுதினார். வசையைப் பறித்துக் கொடியாக ஏற்றியவர் அவர்.

1874 ஏப்பிரல் 15ஆம் நாள், பாரிசில் நடார் என்னும் புகைப்படக் கலைஞரின் பழைய நிழற்படக்கூடத்தில் முப்பது பேரளவில் ஓவியர்கள் கூடித் தாமே ஒரு கண்காட்சி திறந்தனர். மொனே, ரெனுவார், பிசாரோ, தெகா, செசான், பெர்த் மொரிசோ ஆகியோர் அவர்களுள் அடங்குவர். தங்கள் குழுவுக்கு அவர்கள் இட்டது ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குரிய வறண்ட பெயர். மொனே வைத்தவற்றுள் ஒன்று, லெ ஆவ்ர் துறைமுகத்தில் நீலச்சாம்பல் மூடுபனிக்கிடையே செம்மஞ்சள் கதிரவன் எழும் காட்சி. அதன் தலைப்பு "மனப்பதிவு: கதிரெழுச்சி". பத்து நாள் கழித்து லெ ஷரிவாரி என்னும் நகைச்சுவை இதழில் லூயி லெருவா அத்தலைப்பைப் பிடித்துக்கொண்டார். பாதியில் நிற்கும் சுவர்த்தாள்கூட இதைவிட முற்றுப்பெற்றது என்னும் கருத்துப்பட எள்ளினார். இவர்கள் "மனப்பதிவுக்காரர்கள்" என்றார். 1877இல் நடந்த மூன்றாம் கண்காட்சியில் ஓவியர்கள் அப்பெயரைத் தாமே ஏற்றுக்கொண்டனர்.

இவர்களின் புதுமைக்குக் கருவிகளும் துணைநின்றன. 1841இல் சான் ராண்டு என்பவர் காப்புரிமை பெற்ற வெள்ளீயக்குழாய், வண்ணத்தை உலராமல் வெளியிடத்துக்கு எடுத்துச் செல்ல உதவியது. புகைவண்டி அவர்களை ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் கொண்டு சேர்த்தது. ஒளி மாறுவதற்குள் வரைய வேண்டியிருந்தமையால் தூரிகைத் தீற்று விரைவும் குறுக்கமும் உற்றது. மாணவர் மனனம் செய்யும் "இயல்புகள்" வெயிலோடு நடத்திய போட்டியின் விளைவுகளே.

1905இல் பாரிசு இலையுதிர்காலக் கண்காட்சியில், மத்தீசும் நண்பர்களும் இயற்கைக்குக் கட்டுப்படாத வண்ணங்களைத் தீட்டி வைத்தனர். அதே அறையில் பழைய பாணியில் அமைந்த ஒரு சிற்பத்தைக் கண்ட திறனாய்வாளர் லூயி வொசெல், அது காட்டு விலங்குகளிடையே அகப்பட்டது போலுள்ளது என்றார், காட்டுவிலங்கியம் பிறந்தது. 1908இல் பிராக்கின் இயற்கைக் காட்சிகளைக் கண்டு, இவர் யாவற்றையும் கனசதுரங்களாகச் சுருக்குகிறார் என்றவரும் அவரே. அதனடியாகக் கனசதுரவியம் எழுந்தது. பிராக்கும் பிக்காசோவும் ஒரு பொருளைப் பல கோணங்களில் கண்டு ஒரே பரப்பில் அடுக்கினர். ஆல்பெர்த்தியின் ஒற்றைப்புள்ளிக் கணக்கு அங்கே கலைந்தது. அதை ஒரு சொல்லால் குறிக்க நேர்ந்தபோது கிடைத்ததோ ஒரு கிண்டல்.

இறந்தபின் பெயர் பெற்றோரும் உண்டு. 1910இல் இலண்டனில் ரோஜர் ஃபிரை நடத்திய கண்காட்சியில் "பின்-மனப்பதிவியல்" என்னும் பெயர் புழக்கத்துக்கு வந்தது. அப்பெயருக்குரிய வான்கோ 1890இலும், கோகான் 1903இலும், செசான் 1906இலும் மறைந்துவிட்டனர். அப்பெயர் காலத்தை மட்டுமே சொல்கிறது. மூவரும் எதில் ஒன்றுபட்டனர் என்பதைச் சொல்லவில்லை.

4. தாமே இட்டுக்கொண்ட பெயர்கள்

1909 பெப்ரவரி 20ஆம் நாள் லெ ஃபிகாரோ நாளிதழின் முதற்பக்கத்தில் இத்தாலியக் கவிஞர் மரினெத்தி எதிர்காலவியத்தை அறிவித்தார். இங்கே பெயர் முந்தியது, ஓவியம் பிந்தியது. விரைவையும் பொறியையும் மட்டுமன்றிப் போரையும் அவ்வறிக்கை போற்றியது. போர் வந்தது. அவ்வியக்கத்தின் தலைசிறந்த ஓவியரும் சிற்பியுமான பொச்சியோனி 1916இல் படைப்பயிற்சியின்போது குதிரையினின்று விழுந்து இறந்தார்.

அதே 1916இல், போரில் கலவாத சூரிக் நகரில் அடைக்கலம் புகுந்த கலைஞர் சிலர் தம் இயக்கத்துக்குத் தாதா எனப் பெயரிட்டனர். பிரெஞ்சில் அது குழந்தையின் மரக்குதிரையைச் சுட்டும். அவர்களுக்கோ அது எதையும் சுட்டாமையே வேண்டியிருந்தது. காரணங்கள் பேசிய நாகரிகமே இலட்சக்கணக்கானோரைக் கொன்று குவிக்கையில், காரணமற்ற பெயரே பொருத்தம் எனக் கொண்டனர் போலும். நாம் முன்னர்க் கூறிய இடுகுறிப்பெயர் இதுவே. 1924இல் ஆந்திரே பிரத்தோன் மிகைநடப்பியல் அறிக்கையை வெளியிட்டுக் கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் களமாக்கினார். சொல்லை அவர்க்கு முன்னரே, 1917இல், அப்போலினேர் படைத்திருந்தார்.

5. தமிழில் இப்பெயர்கள்

மொழியியலார் என்ற முறையில் ஆசிரியர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்ல விழைகிறோம்.

முதலாவது, ஈறுகளைப் பற்றியது. மொழியியல், வேதியியல் என்பவற்றில் "இயல்" ஓர் அறிவுத்துறையைக் குறிக்கிறது. ஆகவே நடப்பியல், மனப்பதிவியல் என்றவுடன் அவையும் துறைகள் என மாணவர் மயங்க இடமுண்டு. "வாதம்" என்பது வாதிட்டோர்க்குப் பொருந்தும். அறிக்கை எதுவும் எழுதாத மொனேயின் நண்பர்களுக்குப் பொருந்தாது. "இயம்" இயக்கத்துக்கு ஏற்றதாக நமக்குத் தோன்றுகிறது. பாடநூல் வழக்கை ஒரே நாளில் மாற்ற இயலாதாயினும் வேறுபாட்டைச் சுட்டலாம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பில் வசை மறைந்துவிடுகிறது. லெருவாவின் வாயில் அச்சொல் "அரைகுறை" என்று ஒலித்தது. மனப்பதிவியல் என்பதோ தமிழில் கண்ணியமாக ஒலிக்கிறது. சொல் இழந்ததை ஆசிரியர் கதையாகச் சொல்லி ஈடுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, சில பெயர்ப்புகள் திசைமாற்றும். மிகைநடப்பியலின் மூலச்சொல்லில் உள்ள முன்னொட்டு "மேல்" என்று பொருள்படும். நடப்புக்கு மேலான ஒரு மெய்ம்மை என்பதே கருத்து. தமிழில் "மிகை" என்றதும் மாணவர் மிகைப்படுத்தல் எனக் கொள்கின்றனர்.

6. நிறைவுரை

இவற்றால் பெறப்படுவது யாது? ஓவியரைப் பழித்தவர் இட்ட பெயரையே அவரது சாதனையின் வரையறையாக நாம் கற்பித்து வந்துள்ளோம். ஆதலின் வரிசையை மாற்றுவோம். முதலில் படம், அடுத்து "என்ன காண்கிறீர்கள்?" என்னும் வினா, பின்னர் காலமும் கருவியும் பூசலும், இறுதியில் பெயர். பெயர் அப்போது மாணவருக்குச் சுமையாக இராது. அவர் கண்டதற்கு ஒரு முகவரியாக அமையும்.

தொடக்கத்தில் கூறிய வகுப்புக்குத் திரும்புவோம். மொனே 1890, 1891ஆம் ஆண்டுகளில் அதே வைக்கோற்போர்களை ஏறத்தாழ இருபத்தைந்து முறை, வெவ்வேறு பொழுதிலும் பருவத்திலும் வரைந்தார் என்று சொல்லி, குறிப்பேட்டை மூடிவிட்டுப் பார்க்குமாறு அம்மாணவியிடம் கூறினோம். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிருந்தது. பிறகு அவர், "ஐயா, நிழல் கறுப்பாக இல்லையே, நீலமாக இருக்கிறதே!" என்றார்.

1874இல் லெருவா காணத் தவறியதை அவர் அன்று கண்டார். அவரது குறிப்பேட்டில் அவ்வரி இல்லை.