கேம் தண்ணீரில் விளக்கு வெளிச்சம் திடீரென மறைவது ஏன்?

ராத்திரி ஆற்றங்கரையில் எரியும் தெருவிளக்கு, தண்ணீரில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியாது. பார்ப்பவரை நோக்கி நீண்ட கோடாக இழுபடும். காரணம், ஒவ்வொரு சின்ன அலையின் சரிவும் ஒரு குட்டிக் கண்ணாடி. சரியான கோணத்தில் சாய்ந்தவை மட்டும் வெளிச்சத்தைக் கண்ணுக்கு அனுப்பும். காற்று கூடினால் இந்தச் சரிவு எவ்வளவு கூடும்? கடலில் சூரிய ஒளி மின்னுவதை விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து, காக்ஸ், மங்க் என்ற விஞ்ஞானிகள் இதை 1954-லேயே கணக்கிட்டு வெளியிட்டார்கள். கிராபிக்ஸில் கடலை உருவாக்குபவர்களுக்கு அந்தக் கணக்கு இன்றும் உதவுகிறது.

அடுத்து, பார்க்கும் கோணம். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் சுமார் 2 சதவீத வெளிச்சத்தைத்தான் பிரதிபலிக்கும். தாழ்வாகப் பார்த்தால் கிட்டத்தட்ட கண்ணாடியேதான். இதைச் சேர்க்காவிட்டால் தண்ணீர் பிளாஸ்டிக் ஷீட் மாதிரி ஆகிவிடும்.

மறைவதற்குக் காரணம் வேறு. பல கேம்கள், ஸ்கிரீனில் ஏற்கெனவே வரைந்த படத்திலிருந்தே பிரதிபலிப்பை எடுக்கின்றன. கேமராவைக் கீழே திருப்பி, விளக்கு ஸ்கிரீனை விட்டு வெளியே போனால் தண்ணீரில் இருந்த வெளிச்சமும் டக்கென்று காணாமல் போகும்!

ரே டிரேசிங்கில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் பட்டுத் திரும்பும் கதிர் எங்கே போகிறது என்று அது தேடிப் பார்க்கும். விளக்கு ஸ்கிரீனுக்கு வெளியே இருந்தாலும் சிக்கிவிடும். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு இது பெரிய சுமை. அதனால் சில கேம்களில் முதலில் பழைய முறை, அதில் கிடைக்காத இடத்துக்கு மட்டும் ரே டிரேசிங்.