நத்தார் மேசையில் இரண்டு போத்தல்கள்

ஆட்டிறைச்சியா வான்கோழியா, வைனா பழச்சாறா என்ற வழக்கு நியூ ஜேர்சியில் உள்ள எங்கள் வீட்டில் ஒவ்வொரு மார்கழியும் எழும். நான் கத்தோலிக்கன். குருநகரில் நத்தார் என்றால் நள்ளிரவுப் பூசை, பிறகு ஆட்டிறைச்சிக் கறி, பெரியவர்களுக்கு ஒரு மிடறு வைன். 1993 கார்த்திகையில் எங்கள் யாகப்பர் கோவிலில் விமானக்குண்டு விழுந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இப்போது நாலு நாட்டில். மாமியோ உடுவிலில், அமெரிக்க மிஷன் மரபில் வளர்ந்தவர். மதுவை வாசற்படி ஏறவிடமாட்டார். பிள்ளைகள் வான்கோழி கேட்கிறார்கள்.

"எது எங்கட முறை?" என்றுதான் சண்டை தொடங்கும்.

'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. 1816இல் யாழ்ப்பாணத்தில் மிஷனைத் தொடங்கிய அமெரிக்கர்களோ, நத்தாரை வெறுத்த தூய்மைவாதிகளின் வழிவந்தவர்கள். மசாசூசெற்சில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம். அமெரிக்க மத்திய அரசு அதை விடுமுறையாக்கியது 1870இல்தான். வான்கோழி மெக்சிக்கோவில் பழக்கப்பட்ட பறவை. ஆனால் ஒல்லாந்தர் அதற்கு வைத்த 'கல்கூன்' என்ற பெயர் நம் பக்கத்துக் கள்ளிக்கோட்டையிலிருந்து பிறந்தது.

மாமியின் மதுவிலக்குக்கும் ஊர் உண்டு. 1826இல் பொஸ்ரனில் மதுவொழிப்புச் சங்கம் தோன்றியது. அந்த அலை மிஷனரிகளோடு யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. 1869இல் இதே நியூ ஜேர்சியில், வைன்லான்ட் என்ற ஊரில், வெல்ச் என்ற பல்வைத்தியர் முந்திரிகைச் சாற்றைப் போத்தலில் அடைத்துச் சூடாக்கி, அது புளித்து மதுவாகாமல் தடுத்தார். மதுவில்லாத நற்கருணைக்காகச் செய்த வேலை அது. நம் ஊரில் அதையே முட்டிக்குள் பூசிய சுண்ணாம்பு செய்தது: பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்.

இதையெல்லாம் மாமிக்குச் சொன்னேன். பேசாமல் கேட்டிருந்தார்.

இம்முறை பற்றர்சன் ஹலால் கடையில் ஆட்டிறைச்சி வாங்கினேன். வான்கோழி இல்லை, பிள்ளைகளுக்கு அதில் மனக்குறைதான். மேசையில் இரண்டு போத்தல்கள். சாற்றை எல்லோருக்கும் ஊற்றிய மாமி, என் வைன் கிளாசைத் தொடாமல் கறிச்சட்டியை என் பக்கம் தள்ளினார்.

"எலும்பாப் பாத்து எடும் தம்பி. ஊரிலை அதுக்குத்தானே அடிபடுவியள்."